எதிர்ப்பில்லாத விவாகரத்து

லப்பக், டெக்சஸ்
12 மார்ச் 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

இப்படிக் கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். சிறைக்குத் தொலைபேசியில் பேசலாம், ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம் கொடுப்பார்கள் என்று டாயில் பெரியப்பா சொன்னார். ஆனால் உங்களோடு பேசும்போது நான் சொல்ல வந்ததை ஒருநாளும் சொல்லி முடித்ததில்லை. காகிதத்தில் என்றால் யாரும் இடையில் புக மாட்டார்கள். அதனால்தான்.

முட்டி எப்படி இருக்கிறது? காவலர்கள் உங்களைக் கீழே அழுத்தியபோது வீங்கியது இன்னும் வற்றவில்லை என்று பெரியப்பா சொன்னார். மருந்து கேட்டால் கொடுக்கிறார்களா? நான் அதே பருத்தி விதை நிறுவனத்தில்தான் இருக்கிறேன். விவசாயிகள் அனுப்பும் படிவங்களைப் படித்து, ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் திருப்பி அனுப்புவது என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கென்றே செய்த வேலை என்று நீங்கள் சிரித்தீர்கள்.

பிப்ரவரி நான்காம் தேதி நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் உங்களை ஒரு வண்டியிலும் அம்மாவை இன்னொரு வண்டியிலும் கொண்டுபோய்விட்டார்கள். வாசலில் ஷெரிஃப் அலுவலக ஆள் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். "நீதான் அந்தப் படிச்ச பொண்ணா?" என்று கேட்டார். "உங்கப்பா வண்டியில ஏறறப்பகூட அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. எங்க குடும்பத்துலயே முதல் பட்டதாரி என் மக, அவகிட்ட கேளுங்க, நான் எப்பேர்ப்பட்ட மனுஷன்னு சொல்லுவான்னு." நான் உள்ளே போய்ச் சமையலறையைக் கழுவினேன்.

நீங்கள் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். இரும்பு வாணலி அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. அடியில் முட்டை ஒட்டியிருந்தது, அதில் அம்மாவின் முடி. இரத்தம் தரையைவிடச் சுவரில்தான் அதிகம். நாட்காட்டியில் ஏப்ரல் மாதத் தாள் வரை ஊறியிருந்தது. குளிர்பதனப் பெட்டியை நகர்த்தியபோது அடியில் இரண்டு பற்கள் இருந்தன, வேரோடு.

அம்மாவின் தாடை இரண்டு இடங்களில் உடைந்திருக்கிறது. வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பேச முடியாது; ஒரு நோட்டில் எழுதிக் காட்டுகிறாள். மருத்துவமனையில் மூன்றாம் நாள் "முடிச்சுடு" என்று எழுதினாள். "எதைம்மா?" என்றேன். "கல்யாணத்தை" என்று எழுதினாள்.

எங்களுக்கு வழக்கறிஞர் யாரும் இல்லை. ஆனால் கணவர் எதிர்க்காவிட்டால் மனுவை நாமே தயாரிக்கலாம். இணையத்தில் அதற்கு ஒரு பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும். பதில் சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் மனு அச்சாகி வரும். பதினொன்றாவது கேள்வி, "உங்கள் கணவர் எதிர்ப்புத் தெரிவிப்பாரா?" என்பது. 'இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களைக் கேட்காமலே உங்களுக்காகப் பதில் சொல்லிவிட்டேன். அதற்கும் மன்னிக்க வேண்டும்.

இதோடு இரண்டு பக்க ஒப்புதல் படிவம் இருக்கிறது. நோட்டரி முன்னால், பேனாவால், நீங்களே கையெழுத்திட வேண்டும். திரையில் விரலால் போடும் கையெழுத்து செல்லாது. உங்கள் சிறைக்கு வியாழக்கிழமைதோறும் நோட்டரி வருகிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் போட்டுக்கொடுத்தால் நீதிமன்றத்துக்கு வரவே வேண்டாம். அம்மா மட்டும் பத்து நிமிடம் நீதிபதி முன்னால் நின்றால் போதும். இருவரும் ஒரே கூடத்தில் இருக்கும்படி ஆகாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்
கோரா


மாவட்டச் சிறை, சி பிரிவு
20 மார்ச்

என் கோராக்குட்டிக்கு,

உன் அப்பன் எழுதறேன். எனக்கு உன்னை மாதிரி எழுத வராது, பேசற மாதிரிதான் வரும். பொறுத்துக்கோ. அது சரி, ஒரு கடுதாசியில எத்தனை தடவைடி மன்னிப்பு கேப்பே? பாதிரியார்கிட்டகூட நான் இத்தனை தடவை கேட்டதில்ல.

முட்டி பரவாயில்ல. இங்க எனக்கு மேல் படுக்கை குடுத்தாங்க. கீழ ஒரு தடியன், கார் திருடிட்டு வந்தவன். "தம்பி, எனக்கு முட்டி சரியில்ல, நீ மேல போறியா?"ன்னு மரியாதையாத்தான் கேட்டேன். "ஏறத் தெரியலேன்னா தரையில படு, கிழவா"ன்னான். அவன் ரெண்டு விரலைப் பிடிச்சுக் கட்டில் கம்பிக்கு நடுவுல வெச்சு மடக்கினேன். காஞ்ச குச்சி ஒடியற சத்தம்தான். கதவுல மாட்டிக்கிச்சுன்னு அவனே சொல்லிக் கட்டுப் போட்டுக்கிட்டான். இப்ப தெனமும் எனக்குப் படுக்கை விரிச்சுக் குடுக்கறான். நல்ல பையன்.

கையெழுத்து கேட்டே இல்ல? போட்டாச்சு. உள்ள இருக்கு பாரு. அப்பன் மாட்டேம்பான்னுதானே நெனைச்சே? நோட்டரி அம்மா பேரு திருமதி ஸ்டெகால். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படிச்சுப் பாத்துட்டு, "இது எந்த வக்கீல் தயார் பண்ணினது?"ன்னு கேட்டாங்க. "வக்கீலாவது கிக்கீலாவது, என் மக பண்ணினது"ன்னேன். "ஒரு கட்டம்கூட விடலையே"ன்னு மெச்சிக்கிட்டாங்க. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துடுச்சு. காகிதம்தானே குட்டி. இருபத்தாறு வருஷம் வாழ்ந்ததைக் காகிதம் அறுத்துடுமா என்ன. நீ ஆசைப்பட்டே, போட்டேன்.

சமையக்கட்டைப் பத்தி விலாவாரியா எழுதியிருந்தே. கழுவினவ நீ, சரி. ஆனா முட்டை கருகிடுச்சுன்னு நான் சொன்னப்ப உங்கம்மா சிரிச்சா. அதை நீ பாக்கல. என் மூஞ்சிக்கு நேரா சிரிச்சா.

உனக்காக நான் எதைத்தான் செய்யல? ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்ப அந்த பஸ் டிரைவர் உன்னை "ஊமைக்குட்டி"ன்னு கூப்பிட்டான்னு, பஸ் படியிலேயே வெச்சு அவன் மூக்கை உடைச்சேன். நீ ஜன்னல் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே இருந்தே. உன் சட்டையிலகூட ரெண்டு சொட்டு தெறிச்சுது. வேற எந்த அப்பன் செய்வான்?

நான் என் பங்கைச் செஞ்சுட்டேன். இப்ப நீ உன் பங்கைச் செய். உங்கம்மா எங்க இருக்கா? ஆஸ்பத்திரியிலேர்ந்து எங்க கூட்டிக்கிட்டுப் போனே? நான் ஒண்ணும் போய்ப் பாக்கப் போறதில்ல. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.

ஊரெல்லாம் உன் பேரைச் சொல்லிப் பீத்திக்கற
அப்பா


லப்பக்
3 ஏப்ரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்து வந்த அன்று அதை மேசையில் வைத்துவிட்டு அழுதேன். மறுப்பீர்கள் என்று நினைத்ததற்காக வெட்கப்பட்டேன்.

ஆனால் நான் ஒரு தவறு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மனுவையும் உங்கள் ஒப்புதலையும் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் ஜன்னலுக்குப் போனேன். அங்கே இருந்த பெண் அலுவலர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"அழகா நிரப்பியிருக்கே கண்ணு. ஆனா இவரு எதுக்கு ஒப்புக்கிட்டாரு?"

"விவாகரத்துக்கு."

"எந்த விவாகரத்துக்கு? இவரு கையெழுத்துப் போட்டது பதினாறாம் தேதி. நீ தாக்கல் பண்றது இன்னிக்கு. பதினாறாம் தேதி இப்படி ஒரு வழக்கே கிடையாதேம்மா. அடுப்பே பத்த வெக்காம சாப்பாடு பிரமாதம்னு எழுதிக் குடுத்த மாதிரியில்ல இருக்கு?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. வழக்கு எண் விழுந்து ஒரு நாளாவது ஆன பிறகு போடும் கையெழுத்துதான் செல்லுமாம். இணையப் பக்கத்தில் அது தெளிவாகவே எழுதியிருந்தது. எல்லாக் கட்டங்களையும் இரண்டு தடவை சரிபார்த்த நான், எதை முதலில் செய்ய வேண்டும் என்பதைப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

மனுவை அன்றே தாக்கல் செய்துவிட்டேன். இனி அறுபது நாள் காத்திருக்க வேண்டும். புதிதாக ஓர் ஒப்புதல் படிவம் வைத்திருக்கிறேன். "மனுவின் நகல் எனக்குக் கிடைத்தது" என்று அதில் ஒரு வரி இருப்பதால், முத்திரை குத்திய மனுவையும் எட்டுப் பக்கமும் முழுதாகச் சேர்த்திருக்கிறேன். வருகிற வியாழக்கிழமை திருமதி ஸ்டெகால் முன்னால் இன்னொரு தடவை போட்டுக்கொடுங்கள்.

பஸ் டிரைவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு நான்கு வருடம் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. யாரும் என்னை ஊமைக்குட்டி என்று கூப்பிடவில்லை. வேறு எதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை. குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதால் நினைவுக்கு வந்தது.

அம்மா இருக்கும் இடத்தை நான் சொல்லக் கூடாது. நீதிபதி போட்ட பாதுகாப்பு உத்தரவின் நகல் உங்களிடமும் இருக்கும். தேறி வருகிறாள். கம்பியை இன்னும் எடுக்கவில்லை. பீன்ஸ் சூப்பை வடிகட்டி உறிஞ்சுகுழலில் குடிக்கிறாள். கழுத்தில் ஒரு சிறிய கம்பிவெட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். வாந்தி வந்தால் உடனே கம்பியை வெட்ட வேண்டும், இல்லையென்றால் மூச்சு அடைத்துவிடும். எங்கே போனாலும் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேதான் நடக்கிறாள்.

நீங்கள் இவ்வளவு பெருந்தன்மையாக நடந்துகொண்ட பிறகு ஒன்றை மறைப்பது சரியில்லை என்று தோன்றுகிறது. உங்கள் கையெழுத்து ஏன் இத்தனை முக்கியம் என்றால், அம்மா ஒருநாள் நோட்டில் இப்படி எழுதினாள்: "அவரை நேர்ல பாத்தா நான் திரும்பப் போயிடுவேன். பாக்க வெச்சுடாதே." இதற்கு முன்னால் நான்கு தடவை போயிருக்கிறாள், உங்களுக்கே தெரியும். "அடுத்த அடியை இந்த மண்டை தாங்காது" என்று மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். உங்களுக்கும் அது வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

நன்றியுடன்
கோரா


மாவட்டச் சிறை, சி பிரிவு
10 ஏப்ரல்

கோராக்குட்டி,

கட்டு வந்து சேந்துச்சு. எட்டுப் பக்கமும் படிச்சேன். இங்க படிக்க வேற என்ன இருக்கு? ஏழாம் பக்கம் வரைக்கும் தூக்கம் தூக்கமா வந்துச்சு. எட்டாம் பக்கத்துல உங்கம்மா கையெழுத்துக்கு அடியில பாத்ததும் தூக்கம் போயிடுச்சு.

ஹேஸ்கல் தெரு, 212, பின்பக்க அறை.

நல்ல எடம்தான். முன்னாடி லாண்டரி. அந்தச் சூடு சுவர் வழியா வரும், குளிருக்கு எதமா இருக்கும். அந்தக் கட்டடத்துக்கு எரிவாயுக் குழாய் வெல்டு வெச்சது யாருன்னு நெனைக்கறே? உன் அப்பன்தான். பின்கதவை எனக்கு நல்லாத் தெரியும். கீல் வெளிப்பக்கம் இருக்கு, எவனோ மடையன் திருப்பி மாட்டிட்டான். ரெண்டு ஆணியை உருவினா கதவு கையோட வந்துடும். வீட்டுக்காரன்கிட்ட சொல்லி மாத்தச் சொல்லு. பொம்பளை தனியா இருக்கற எடம்.

உன்னைக் கோவிச்சுக்கல. கேட்டதுக்கெல்லாம் பதில் எழுதற புள்ள நீ. உன்கிட்ட நான் கெஞ்ச வேண்டியதே இல்ல, ஒரு காகிதத்துல கட்டம் போட்டுக் குடுத்தா போதும்போல.

கையெழுத்துக்கு வர்றேன். வியாழக்கிழமை ஸ்டெகால் அம்மா வந்தாங்க. "என்ன ராய்ஸ், மறுபடியுமா? ஒரே பொண்டாட்டியை எத்தனை தடவை விடுவே?"ன்னாங்க. "இல்லீங்க, இந்த வாரம் கை வலிக்குது"ன்னுட்டேன். என்னை நேர்ல பாத்தா வந்துடுவான்னு நீயே எழுதிட்டியே குட்டி. அப்புறம் எந்தப் புருஷன் கையெழுத்துப் போடுவான்? நீதான் படிச்சவ, சொல்லு.

டாயில் அண்ணன் ஜாமீனுக்கு ஏற்பாடு பண்ணிட்டான். வர்ற திங்கக்கிழமை வெளிய வந்துடுவேன். உங்கம்மா கழுத்துல என்னமோ கம்பிவெட்டி தொங்குதுன்னு எழுதியிருந்தியே, அதை என் கையாலயே கழட்டி எறியறேன்.

அப்பா


லப்பக்
14 ஏப்ரல்

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் காலையில் வந்தது. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த அறைக்குப் போகாதீர்கள். அம்மா அங்கே இல்லை. நீங்கள் எழுதியதைப் பெண்கள் காப்பகத்தில் காட்டினேன். ஒரு மணி நேரத்தில் வண்டியோடு வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று என்னிடம் சொல்ல வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன்.

முகவரிக் கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. கணவரைக் கண்டு பயம் இருந்தால் வேறு முகவரி கொடுக்கலாம் என்று. அதைப் படித்தேன். கல்லூரியில் சேர்ந்த வருடம், உதவித்தொகைப் படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தை விட்டதால் ஒரு பருவம் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நம் வீட்டில் அதையெல்லாம் சொல்லித்தர யாரும் இல்லை. அன்றிலிருந்து கேட்டதற்கு உண்மையைத்தான் எழுதுகிறேன். ஆனால் அது மட்டும் காரணமில்லை. பயம் என்று எழுதினால் நீதிபதி உங்களை எப்படி நினைப்பார் என்று யோசித்தேன். நீங்கள் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த மனிதர். உங்கள் மானத்தைக் காப்பாற்ற அம்மாவின் முகவரியை எழுதினேன்.

தயவுசெய்து போகாதீர்கள். ஒப்புதலில் கையெழுத்திடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கோரா


மாவட்டச் சிறை, ஏ பிரிவு
9 மே

கோராக்குட்டிக்கு,

எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம மூணு தாளைக் கிழிச்சுட்டேன்.

நீன்னு சத்தியமா தெரியாதுடி. நீ ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு எதையோ பெட்டியில அடுக்கிக்கிட்டிருந்தே. உங்கம்மாவோட பச்சைக் கம்பளிச் சட்டை போட்டிருந்தே. பின்னாலேர்ந்து பாத்தா ரெண்டு பேருக்கும் ஒரே முதுகு, ஒரே கழுத்து. அவன்னு நெனைச்சுத்தான் ஓங்கினேன். உன்மேல இதுவரைக்கும் ஒரு விரல் பட்டிருக்குமா? உங்கம்மாவையே கேளு. உன்னை அடிக்கற அப்பன் இல்ல நான். இதை நீ நம்பணும். உங்கம்மான்னு நெனைச்சேன், அவ்வளவுதான் நடந்தது.

அந்த லாண்டரிக்காரி என் மூஞ்சியில வெளுக்கற தண்ணியை ஊத்தினா. எடது கண்ணு இன்னும் புகை மாதிரிதான் தெரியுது. அதை நான் பெருசு பண்ணல.

விசாரிக்கறவங்க உன்கிட்ட வருவாங்க. பைப் திருகற ரெஞ்சால அடிச்சேன், அது இதும்பாங்க. பெட்டி தடுக்கி விழுந்தேன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க. படிச்ச பொண்ணு, பொய் சொல்லத் தெரியாதவன்னு ஊருக்கே தெரியும்.

இன்னொண்ணு. நீதிமன்றத்துக்கு மூணு வரி எழுதிப் போட்டுட்டேன், நான் எதிர்க்கறேன்னு. வக்கீல் இல்லாம, நானேதான். நீ செஞ்சதைப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். ஜூன் ஒன்பதாந்தேதி வெள்ளிக்கிழமை கூட்டிக்கிட்டுப் போவாங்க. உங்கம்மா வந்துதானே ஆகணும். ஒரே ஒரு தடவை என் மூஞ்சியைப் பாக்கட்டும். மிச்சத்தை அவளே சொல்லுவா.

காது எப்படி இருக்கு? பாத்துக்கோ.

அப்பா


லப்பக்
4 ஜூன்

அப்பாவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளானதற்கு வலது தோளின் காறை எலும்புதான் காரணம். பேனாவைப் பிடிக்க இந்த வாரம்தான் முடிந்தது. விலா எலும்பு இரண்டும் கூடிவிட்டன. இடது காது கேட்காது. கேட்டதால் சொல்கிறேன்.

ஏப்ரல் பதினான்காம் தேதி நான் எழுதிய கடிதம் 'இவர் இங்கே இல்லை' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. இதோடு வைத்திருக்கிறேன். அது நேரத்துக்குக் கிடைத்திருந்தால் நீங்கள் போயிருக்க மாட்டீர்களோ என்று மருத்துவமனையில் படுத்துக்கொண்டு யோசித்தேன். இப்போது யோசிப்பதில்லை.

பெட்டி தடுக்கி விழுந்தேன் என்று நான் சொல்லவில்லை. விசாரிக்க வந்தவர் ஒரு பெண். "அவசரமில்ல, தோணற வரிசையிலயே சொல்லும்மா" என்றார். ஒன்றே கால் மணி நேரம் பேசினேன். நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உங்கள் மே மாதக் கடிதத்தையும் அவரிடம் கொடுத்தேன். அதில் நீங்கள் எழுதியது உண்மைதான், ஆனால் முதல் அடி வரைக்கும்தான் உண்மை.

அன்று செவ்வாய்க்கிழமை மதியம். அறையைக் காலி செய்து சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அம்மாவின் துணி மூன்று, ஒரு பாத்திரம், மாத்திரைகள். குளிராக இருந்ததால் அவள் சட்டையைப் போட்டுக்கொண்டேன். லாண்டரி இயந்திரங்களின் சத்தத்தில் கதவைக் கழற்றியது கேட்கவில்லை. வெளிச்சம் திடீரென்று அதிகமானது. திரும்புவதற்குள் தோளில் விழுந்தது. அது அம்மாவுக்கு. ஒப்புக்கொள்கிறேன்.

நான் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தபோது உங்களுக்கு என் முகம் தெரிந்தது. "அட, நீயா?" என்றீர்கள். வெறும் ஆச்சரியம்தான் குரலில் இருந்தது. ரெஞ்சைக் கட்டிலில் வைத்தீர்கள். குனிந்து என் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டீர்கள். "உங்கம்மா எங்கடா குட்டி?" என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். அது உண்மை. "அப்பாகிட்ட பொய் சொல்லாதே" என்றீர்கள். தெரியாது என்று மறுபடியும் சொன்னேன். நீங்கள் கட்டிலிலிருந்து ரெஞ்சை எடுத்தீர்கள்.

அதற்குப் பிறகு விழுந்த மூன்றும் எனக்குத்தான், அப்பா. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்தீர்கள். ஒவ்வொரு தடவையும் நடுவில் நிறுத்தி, "எங்க?" என்று கேட்டீர்கள். மூன்றாவது அடி காதில் விழுந்தபோது உங்கள் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. அப்போதும் "எங்க" என்றுதான் கேட்டிருப்பீர்கள். லாண்டரிப் பெண் வராமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அந்த இடம் தெரிந்திருந்தால் இரண்டாவது அடியிலேயே சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை விசாரணையைப் பற்றி. அம்மா அந்தக் கூடத்துக்கு வர மாட்டாள். வேறோர் ஊரிலிருந்து காணொளித் திரையில் பேச அனுமதி கேட்டு விண்ணப்பித்தோம், நீதிபதி கொடுத்துவிட்டார். அவளுடைய திரையில் நீதிபதியின் முகம் மட்டும்தான் தெரியும். உங்கள் முகமும் குரலும் அவளுக்குப் போகாது. கம்பியை எடுத்துவிட்டார்கள். சொல்ல வேண்டியதை நோட்டில் எழுதி வைத்து ஒரு வாரமாகச் சத்தமாகப் படித்துப் பழகுகிறாளாம். காப்பகத்துப் பெண் ஒருவர் சொன்னார்: "உங்கம்மா குரல் கரகரன்னு இருக்கு, ஆனா நிறுத்தவே மாட்டேங்கறாங்க. பக்கத்து அறைக்காரங்களுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

நீங்கள் எதிர்ப்பதால் அது பத்து நிமிடத்தில் முடியாது. நடந்ததைச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும். நானும் திரையிலேயே பேசலாம் என்றார்கள். ஆனால் ஒரு காதை வைத்துக்கொண்டு திரையில் வரும் கேள்விகள் எனக்குப் புரிவதில்லை. அதனால் நேரில் வருகிறேன். வழக்கறிஞர் இல்லை. நீதிபதியே கேட்பார்.

இந்த உறையில் படிவம் எதுவும் இல்லை. தேடாதீர்கள். உங்கள் கையெழுத்து எங்களுக்கு இனித் தேவைப்படாது.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கேட்கலாமா கூடாதா என்று இந்தக் கடிதம் முழுவதும் யோசித்துக்கொண்டே எழுதினேன். சின்ன வயதில் சாப்பாட்டு மேசையில் நான் ஏதாவது சொல்லத் தொடங்கினால் நீங்கள் முள்கரண்டியை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், என்னையே பார்ப்பீர்கள். கோபமாகக்கூட இருக்காது. வாய் வரை வந்த சொல் திரும்ப உள்ளே போய்விடும். பள்ளிக்கூடத்தில், கல்லூரியில், அலுவலகத்தில், நீங்கள் இல்லாத இடங்களிலும் அது அப்படியே போனது.

நேற்று அந்தக் கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். சாட்சி நாற்காலி உங்கள் மேசைக்கு நேர் எதிரே இருக்கிறது. நடந்து அளந்தேன், ஐந்து காலடி தூரம். உங்களை விலங்கோடுதான் உட்காரவைப்பார்கள். நீங்கள் என்னை ஒன்றும் செய்ய முடியாது. பார்ப்பது மட்டும்தான் உங்களால் முடியும்.

அதனால் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை நான் பேசும்போது குனிந்து மேசையைப் பாருங்கள். நான் சொல்லி முடிக்கும்வரை மட்டும் என்னைப் பார்க்காமல் இருங்கள், அப்பா.

கோரா